இருக்கேம்லே

இந்தப் பையில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? எல்லோரும் கேட்பார்கள். நான் பிளேயர் இல்லைங்க. ஐந்தரை அடி இருக்கிறேன், என்னை எந்த பாஸ்கெட்பால் டீமில் எடுப்பார்கள். நான் டீமுக்குக் கணக்கு எழுதுகிறவன். யார் எத்தனை பாயிண்ட் போட்டார், யார் எத்தனை பந்தை விட்டார், அந்தக் கணக்கு.

பிளேயர் அதோ இருக்கிறார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். காலை மடக்க முடியாமல் வழியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, கண்டக்டர் ஒவ்வொரு முறையும் தாண்டித் தாண்டிப் போகிறாரே, அவர்தான். சவரிமுத்து. ரொம்ப உற்றுப் பார்க்காதீர்கள். நான் இந்த பஸ்ஸில் வருவது அவருக்குத் தெரியாது. கரூரில் அவர் ஏறுவதைப் பார்த்துவிட்டு நான் பின்வாசல் வழியாக ஏறினேன். இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே ஆபீசுக்குத்தான் போகிறோம். பதினொரு மணிக்கு விசாரணை. அவர் மேல்தான் விசாரணை. நான் சாட்சி. நான் என்றால் நான் இல்லை, இந்த லேப்டாப்.

இது கோயம்புத்தூர் பஸ்தானே? கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் தடவை கேட்டால் திட்டுவார்.

சொல்கிறேன். இன்னும் தென்னிலைகூட வரவில்லை, நேரம் இருக்கிறது. ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இதில் முக்கியமான இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. நிசார் என்று ஒரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

எங்கள் மில்லுக்கு ஒரு டீம் உண்டு. மில்லின் பெயர் வேண்டாம், பையில் இருக்கிறது, அது போதும். பிளேயர்களுக்கு கான்ட்ராக்டில் வேலை தருவார்கள். காலையில் குடோனில் நிற்க வேண்டும், சாயங்காலம் கோர்ட்டில் ஓட வேண்டும். இந்த வருஷம் ஒரே ஒருவரை பெர்மனென்ட் செய்வதாகச் சொன்னார்கள். சவரி அண்ணன் நாலு வருஷமாக கான்ட்ராக்ட். முப்பதைத் தாண்டிவிட்டார். தூத்துக்குடிக்காரர். பெண்டாட்டி, மகள், மில் குவார்ட்டர்ஸில் வீடு. எல்லோரும் அவருக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் இந்த வருஷம் அவருக்கு ஆட்டம் வரவில்லை.

ஆட்டம் வரவில்லை என்றால் சும்மா சொல்லவில்லை. கூடைக்குக் கீழே நின்றுகொண்டு, யாரும் மறிக்காமல், பந்தை உள்ளே போட முடியவில்லை. முட்டி வலி. குதித்தால் தரையைவிட்டு ஒரு செருப்பு உயரம்தான் எழும்புவார். ஃப்ரீ த்ரோ என்று கொடுப்பார்கள், யாரும் தடுக்கக் கூடாது, சும்மா நின்று போட வேண்டியது. அது வளையத்தைக்கூடத் தொடாமல் கீழே விழும். திண்டுக்கல்லில் ஒரு மேட்ச். கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஏய் டவரு, சிக்னல் இல்லையா?" என்றான். அதிலிருந்து எல்லா ஊரிலும் அதேதான். அவர் பந்தைக் கையில் வாங்கினாலே "சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் டீம் பையன்களே குனிந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், வீடியோவில் பார்த்தே.

வீடியோவில்தான் பார்ப்பேன். டீம் வேனில் எனக்கு சீட் கிடையாது. அந்தந்த ஊர் சேனல்காரர்கள் மேட்ச் முழுவதையும் யூடியூபில் போடுவார்கள். ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுவேன். முதல் நாள் சத்தத்தோடு வைத்தேன். மைக்கில் ஒருவர் கத்துகிறார், நடுவில் சினிமாப் பாட்டு. பக்கத்து மேஜை அக்கா, "தம்பி, ஆபீஸா இது, இல்ல கோயில் திருவிழாவா?" என்றார். அன்றைக்கே மியூட் செய்தேன். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சத்தம் நம்மை ஏமாற்றும். கூட்டம் கத்தினால் சாதாரண ஆள்கூடப் பெரிய ஆளாகத் தெரிவான். கண்ணால் பார்ப்பது மட்டும்தான் கணக்கு. அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

புள்ளிவிவரம் படித்தவன், அதனால் டீமில் எனக்குப் பெயரே புள்ளி. கரூர் அரசுக் கல்லூரி. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். தாலுகா ஆபீசில் அதற்கென்றே ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள், தெரியுமில்லையா? அதை லேமினேட் செய்து அம்மா ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். அம்மா கொசுவலை தைக்கும் கம்பெனிக்குப் போகிறவர். காலையில் நான் கிளம்பும்போதெல்லாம், "ஒரு தப்பும் வராம வேலை பாரு சாமி" என்பார். அதனால்தான் எதையும் இரண்டு முறை பார்ப்பேன். என்னுடைய வேலையும் டெம்பரவரிதான். இந்த மாதத்தோடு முடிகிறது. ஹெச்.ஆர். மேனேஜர் வரதராஜன் சார், "நல்லா பண்ணு, பார்க்கலாம்" என்றிருக்கிறார். அந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடாது.

அவர்தான் என்னைக் கூப்பிட்டார். கோச் பொன்னம்பலம் சாரும் அங்கே நின்றார்.

"சவரிய ஏன் சார் இன்னும் முதல் அஞ்சுல இறக்குறீங்க?" என்றார் மேனேஜர்.

"அவன் உள்ள இருந்தா டீம் நல்லா இருக்குதுங்க."

"நல்லா இருக்குன்னா?"

"நல்லா இருக்குதுங்க. பசங்க பயமில்லாம ஆடுறாங்க."

"அதுக்கு மில்லுல ஒரு சாமியார வேலைக்கு வச்சுக்கலாமே. பாயிண்ட் என்ன சார், பாயிண்ட்?"

கோச் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். "புள்ளி, நீயே சொல்லுப்பா. ஏதாவது இருக்கும்" என்றார். அந்த 'ஏதாவது இருக்கும்' எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தால் அது எங்கே என்று காட்ட வேண்டாமா?

ஒரு வாரம் உட்கார்ந்தேன். நேர்மையாகத்தான் பார்த்தேன். பாயிண்ட் இல்லை. பந்தைப் பொறுக்குவதும் குறைந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அவர் உள்ளே இருக்கும்போது எதிரணி குறைவாகப் போடுகிறது. அவர் வெளியே வந்தால் கூடுகிறது. எல்லா மேட்சிலும் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது? யோசித்தேன். அவர் உள்ளே இருக்கும்போதெல்லாம் நிசாரும் உள்ளே இருக்கிறான். நிசார் எங்கள் சின்னப் பையன், பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவன். அந்த நேரத்தில்தான் அவன் எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பிடுங்குகிறவனுக்குத்தானே கணக்கில் வரும்? இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதே என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அவசரப்படவில்லை. சவரி அண்ணன் விஷயத்தை அடிக்குறிப்பாகப் போட்டேன். நிசாரை மேலே போட்டேன்.

அடிக்குறிப்பு இப்போதும் இருக்கிறது. யாரும் படிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய.

எழுதுவதற்கு முன்னால் அவரிடம் நேரிலும் கேட்டேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஆளைப் பற்றி அவரிடம் கேட்காமல் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோர்ட் ஓரத்தில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்களைப் பத்தி ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்காங்க."

"எழுதுங்க தம்பி. ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக்கிடுங்க. போன தடவ சம்பளச் சீட்டுல சவுரி முத்துன்னு ரெண்டு ஆளாக்கிட்டாவ."

"கோர்ட்ல உங்க வேலை என்னன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்கண்ணே."

கொஞ்ச நேரம் ஐஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். அப்புறம், "இருக்கேன் தம்பி" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், இதை எப்படி எடுத்துக்கொள்வது? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் மனசு விட்டுப்போனவர்கள் சொல்வார்களே, 'ஏதோ இருக்கேன்' என்று. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. 'ஊக்கம் குறைந்து காணப்படுகிறார்' என்று ஒரு வரி எழுதினேன்.

அடுத்த போட்டியிலிருந்து அவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவர் இடத்தில் வந்த பையன் நன்றாகக் குதிப்பான், நன்றாகப் போடுவான். பாயிண்ட் ஏறியது. மேனேஜர் என் தோளில் தட்டினார். பெர்மனென்ட் நிசாருக்குத்தான் என்று பேச்சும் வந்தது. எதிரணி பாயிண்டும் ஏறியது. ஆனால் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம், ஒன்று இரண்டு வித்தியாசத்தில். ஜெயித்தால் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்.

காங்கேயம் வந்துவிட்டதா? டீ குடிக்க நிறுத்திவிடப்போகிறார்கள். நிறுத்தவில்லை, நல்லது.

இனிமேல்தான் நிசார் சொன்னது. தேனிப் பக்கம் ஃபைனல். கடைசி நிமிஷம். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அவர்கள் கையில். கோச் பிரஸ் பண்ணச் சொல்கிறார். பிரஸ் என்றால், அவர்கள் பந்தை நம் பக்கம் கொண்டு வரும்வரை காத்திருக்காமல், அவர்கள் எல்லைக்கே போய் மேலே விழுந்து மறிப்பது. அது எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே நடக்கிறது. நிசார்தான் பந்துக்காரன் முன்னால் நிற்கிறான். பாய்ந்து பிடுங்கலாம். பிடுங்கினால் கோப்பை. தவறினால் அவனுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று மறிக்க வேண்டும். இல்லையென்றால் கூடைவரை வெறும் தரை.

"திரும்பிப் பாக்க முடியாது புள்ளி," என்றான் நிசார். "திரும்புனா பந்து போயிரும். அதுக்குத்தான் சவரி அண்ணன். பின்னாடி வந்து நின்னுக்கிட்டு 'இருக்கேம்லே, இருக்கேம்லே'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நாலு வருஷமா அந்தச் சத்தம்தான். அது கேட்டுச்சுன்னா கண்ண மூடிட்டுப் பாய்வேன்."

"அவருதான் பெஞ்ச்ல இருக்காரே?"

"அந்த நேரத்துல அது ஞாபகம் வரல. 'இருக்கேம்லே'ன்னு கேட்டுச்சு. பாய்ஞ்சேன். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

பந்துக்காரன் ஒதுங்கிக்கொண்டான். தனியாக ஓடிப் போய், நின்று நிதானமாகப் போட்டான். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

வேனில் நிசார் அழுதிருக்கிறான். "ஏண்ணே சொன்னீங்க? நீங்க உள்ள இல்லல்ல, ஏண்ணே சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறான். சவரி அண்ணன் கடைசி சீட்டில் இருந்திருக்கிறார். எல்லோரும் அவரையே பார்த்திருக்கிறார்கள். "நீ கேட்டது அதுன்னா அதுதாம்லே. தூங்கு" என்றாராம். அவ்வளவுதான். 

பேச்சு மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. பெஞ்சில் உட்காரவைத்த கோபத்தில் வேண்டுமென்றே கத்தி, பையனைக் கவிழ்த்துவிட்டார் என்று. இது நிரூபணமானால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். அது மட்டுமில்லை, இந்தப் பேச்சு மற்ற கம்பெனி டீம்களுக்கும் போகும். சொந்த டீமைத் தோற்கடித்த ஆளை யார் கூப்பிடுவார்கள்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆறரை அடி உயரத்தில் ஒரு மனிதன் வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்த இடத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு வா. அவரு பெஞ்ச்ல எந்திரிச்சு வாயத் திறக்குறது தெரியுதில்ல? அது போதும். ஹெட் ஆபீஸ்ல பெரியவங்க இருப்பாங்க, பாட்டுச் சத்தமெல்லாம் வேணாம். ஊமைப் படமா கொடு" என்றார். போகும்போது, "உன் ஃபைலும் அன்னிக்கே அங்க வருது" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஊமைப் படம் என்னிடம் தயாராகவே இருந்தது, நான்தான் எல்லாவற்றையும் ஊமையாகப் பார்ப்பவனாயிற்றே. ஆனால் எந்த நொடியில் வெட்டுவது என்று தெரிய வேண்டும். அதற்காக நேற்றுச் சாயங்காலம் வீட்டில், மியூட் செய்த பிறகு முதல் தடவையாகச் சத்தத்தைத் திறந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, மேட்ச்சா?" என்றார். "இல்லம்மா, வேலை" என்றேன்.

திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய மேட்ச்களையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மைக் பிடித்தவர் கத்துகிறார், பாட்டு ஓடுகிறது, 'சிக்னல் இல்ல' என்று கூட்டம் ஊளையிடுகிறது. அதற்கெல்லாம் அடியில் ஒரு குரல். இருக்கேம்லே. இருக்கேம்லே. குரல் வருகிறது, நிசார் பாய்கிறான். குரல் வராத இடத்தில் நிசார் நிற்கிறான். ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஆனால் பாருங்கள், இதற்கெல்லாம் கணக்கில் கட்டம் கிடையாது. யார் என்ன சத்தம் போட்டார் என்று எழுத எங்கேயும் இடம் இல்லை. என் ரிப்போர்ட்டில் தப்பில்லை. அடிக்குறிப்பு இருக்கிறது.

அப்புறம் அந்தக் கடைசி நிமிஷத்தைப் போட்டேன்.

உங்கள் கழுத்தில் தொங்குகிற ஹெட்போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? என்னுடையது ஒரு பக்கம் வேலை செய்யாது. இந்த பஸ் பாட்டில் ஒன்றும் கேட்காது. இதற்குத்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் பேசிக்கொண்டே வந்தேன், தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு இன்னொரு காது வேண்டும். நான் கேட்டதை நானே நம்பக் கூடாது. நீங்கள் கேட்டுவிட்டு, என்ன கேட்டது என்று சொல்லுங்கள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கும் அதுவே கேட்கும்.

இதோ. ஒரு பாட்டு முடியும். அடுத்தது ஆரம்பிப்பதற்குள் சின்ன இடைவெளி. அங்கே கவனியுங்கள்.

கேட்டதா?

இன்னொரு தடவை போடுகிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

சொல்லுங்கள். மெதுவாக, அவர் காதில் விழப்போகிறது.

ஆமாம். எனக்கும் அதுதான் கேட்டது. சரி. இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

அவர் ஏன் இதை அன்றைக்கே வேனில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. சொல்லியிருந்தால் நிசார்தான் மாட்டியிருப்பான், அவன் பெர்மனென்ட் போயிருக்கும், அவ்வளவுதானே. கோர்ட்டில் அத்தனை பேசுகிற மனிதர், தனக்கென்று வந்தால் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச வேண்டியிருக்கிறது. எனக்கோ நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஊமைப் படத்தைச் சற்று முன்னால்தான் அழித்தேன், காங்கேயம் தாண்டும்போது, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தீர்கள். பெரிய தைரியமெல்லாம் இல்லை. இருந்தால் அதைத்தான் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியும். இப்போது சத்தத்தோடு இருப்பது மட்டும்தான் இருக்கிறது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பல்லடம் தாண்டிவிட்டோம். கொஞ்சம் வழி விடுங்கள். முன்னால் போகிறேன். அவர் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை, அந்த முட்டிக்குப் பயந்துகொண்டு. என்ன பேசுவேன் என்று தெரியாது. ஸ்பெல்லிங் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று ஆரம்பிக்கலாம்.

நிசார் பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் வந்தது உண்மை, அந்த 'லே' வந்தது உண்மை. அந்தக் குரலுக்கு அவன் நாலு வருஷமாகப் பாய்ந்து பழகியவன், சொல்லைக் கேட்பதற்குள் பாய்ந்துவிட்டான். பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அவர் கத்தியது பதிவாகி இருக்கிறது, நீங்களும் கேட்டீர்கள்: "இல்லலே நிசாரு. பின்னால யாரும் இல்லலே."